தண்ணி கிறுகுற ஊர்

கல்லடி, மட்டக்களப்பு

மச்சான்,

உன்னை விட்டுட்டுப் போனதுக்கு ஏசுறதெல்லாம் ஏசி முடிச்சியா? சரி, இப்ப கேள்.

ஓகஸ்ட் லீவுக்கு கட்டையன், நம்மட சேர், நான் மூணு பேரும் முதுகுப் பையோட கம்போடியா போய் வந்தம். கோலாலம்பூரில பிளேன் மாறி சியெம் ரீப். கட்டையன் வாகரையில செஞ்ச அதே வேலையை அங்கயும் செஞ்சான். விபரம் நேரில.

அங்கோர் வாட்டுக்கு மூணு நாள் டிக்கெட் 62 டொலர். கேட்ட உடனே சேர், "நான் வெளியால நிண்டு கும்பிடுறன்" எண்டார். உள்ள போன மனுசனை மறுகா வெளிய எடுக்க ஏலாமப் போச்சு. இரண்டாம் சூரியவர்மன் 12ஆம் நூற்றாண்டில விஷ்ணுவுக்குக் கட்டின கோயில். பாற்கடல் கடையுற சிற்பத்தில, மத்துக்குக் கிட்ட வந்த மீனும் முதலையும் துண்டு துண்டாக் கிடக்கு. அவ்வளவு வேகமாம்.

ஆனா என்ட மண்டைக்குள்ள நிக்கிறது தொன்லே சாப் ஏரிதான். அதில இருந்து ஓடுற ஆறு ப்னொம் பென்னில மீகொங் எண்ட பெரிய ஆத்தோட சேருது. மழைக்கு மீகொங் பெருகினா அந்த ஆறு அப்பிடியே கிறுகி, பின்பக்கமா ஓடி ஏரிக்குள்ள ஏறும். அவங்கட மழை முடிய திரும்பவும் கடல் பக்கம். அதுக்கு வள்ளப் போட்டியோட திருவிழா. கோடையில ஒரு மீற்றர் ஆழம், வெள்ளத்தில எட்டொம்பது மீற்றர். கம்பொங் ப்லுக் எண்ட ஏரிக் கிராமத்தில வீடெல்லாம் உசந்த மரக்காலில நிக்குது. ஒரு கிழவி ஏணியில இருந்து மீன் கழுவுறா, பாதிப் படி தண்ணிக்குள்ள. அவட தலைக்கு மேல, மரக்காலில போன வருசத்துச் சேத்துக் கோடு.

நாம வெள்ளம் வந்தா, வாவி கடலில சேருற முகத்துவாரத்தை வெட்டுங்க எண்டு அரசாங்கக் கந்தோருக்கு ஓடுறம். அவங்களுக்கு வெள்ளம் வராட்டித்தான் பயம். தண்ணி ஏறின காட்டுக்குள்ளதான் மீன் குஞ்சு வளருது. மீகொங்கில மேல் பக்கம் அணை அணையாக் கட்டித் தண்ணியைப் பிடிச்சு வைக்கிறாங்க. 2019லயும் 2020லயும் மழையும் குறைஞ்சு, தண்ணி கிறுகவே நல்லாப் பிந்திப் போச்சு. வள்ளக்காரன் இதைச் சொல்லேக்க கட்டையன்கூட வாய் திறக்கல்ல. நம்மட வாவிக்கரையில கண்டல் மரங்களை வெட்டி, மண் கொட்டி, மதில் கட்டுறது உனக்குத் தெரியாததில்ல. நம்மட ஆக்களுக்கு வாவி எண்டா இன்னும் வேலி போடாத காணி. நான் இதைக் கதைச்சா, "வந்துட்டார் கம்போடியாக்காரர்" எண்டு சிரிக்கிறானுகள்.

சேர் அடுத்தது வியட்நாம் எண்டு நிக்கிறார். மி சோனில சாம்பா ராசாக்கள் கட்டின சிவன் கோயில் இருக்கு. நீ வாறதெண்டா கட்டையன் உனக்குத் தர இருக்கிற காசை டிக்கெட்டில கழிப்பம், வேற வழியில அது வராது.

அக்காட ஒப்பரேசன் எப்பிடி முடிஞ்சுது? அதை முதல்ல எழுது.

உன்ட,
மூக்கன்