பயத்தைத் திட்டி விரட்ட முடியாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குழந்தைகளைத் தற்காப்புக் கலை வகுப்பில் சேர்ப்பது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். உடல் வலிமை, ஒழுங்கு, தன்னம்பிக்கை என்று அதில் சொன்னதெல்லாம் சரிதான். ஆனால் சேர்ந்த சில மாதங்களில் பயம் போய்விடும் என்று போகிறபோக்கில் ஒரு வரி வந்ததே, அது மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஜூடோ சொல்லிக் கொடுப்பதுதான் என் வேலை. பயம் போய்விடும் என்று நம்பி வருகிற பிள்ளைகள், அது போகவில்லை என்றதும் தங்களிடம்தான் ஏதோ குறை என்று நினைத்து நின்றுவிடுகிறார்கள். அதைப் பார்த்துப் பார்த்து மனசு கேட்காமல்தான் இந்தக் கடிதம்.

ஜூடோவில் எதிராளியைத் தூக்கி எறிவதற்கு முன்னால் விழப் பழக வேண்டும். அதற்கு உக்கெமி என்று பெயர். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மோவாயை நெஞ்சோடு ஒட்டி, பார்வையை இடுப்பில் இருக்கிற பெல்ட் முடிச்சின் மேல் வைத்து, அப்படியே பின்னால் உருள வேண்டும். முதுகு மெத்தையில் படும்போதே இரண்டு கைகளாலும் மெத்தையை ஓங்கி அறைய வேண்டும். கேட்க எளிதாகத்தான் இருக்கும். ஆனால் பின்னால் சாய் என்றாலே உடம்பு மறுக்கும். கை தானாகப் பின்னால் போய் ஊன்றப் பார்க்கும். மணிக்கட்டு முறிவது அப்படித்தான். மூச்சு அடைத்துக்கொள்ளும், தோள் விறைக்கும், தலை பின்னுக்குப் போகும். வளர்ந்த ஆட்களுக்கே இப்படி என்றால் எட்டு வயதுப் பிள்ளையை என்ன சொல்வது?

அந்த நேரத்தில் "என்ன பயம், விழு!" என்று கத்தினால் விறைப்பு இன்னும் கூடும். உயரத்தைக் குறைத்தால்தான் அது குறையும். முதலில் மல்லாந்து படுத்துக் கையை மட்டும் அறையச் சொல்வோம். பிறகு உட்கார்ந்தபடி, அப்புறம் குத்துக்காலிட்டு, கடைசியில் நின்றபடி. ஒவ்வொரு படியிலும் உடம்பே தனக்குள் ஒரு கணக்குப் போட்டு, சரி, இதில் அடிபடாது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். வாயால் எவ்வளவு தைரியம் சொன்னாலும் அந்தக் கணக்கை அவசரப்படுத்த முடியாது.

எங்கள் வகுப்பில் ஒரு சிறுமி இருக்கிறாள். எறியும் உத்திகளை அவ்வளவு சுத்தமாகச் செய்வாள். ஆனால் ராண்டோரி, அதாவது இருவர் நேருக்கு நேர் மோதிப் பார்க்கும் பயிற்சி, இருக்கிற நாளில் மட்டும் வயிற்று வலி வந்துவிடும். வீட்டில் நடிப்பு என்றார்கள். நடிப்பே இல்லை. பயம் வந்தால் உடம்பு ரத்தத்தைச் செரிமானத்திலிருந்து தசைகளுக்குத் திருப்பி விடுகிறது. வயிறு பிசைவது உண்மையான பிசைவுதான். அவளுக்கு யாரோடு மோதுவது என்று தேர்ந்தெடுக்கும் உரிமையைக் கொடுத்தேன். முதலில் சட்டையைப் பிடிப்பதற்கு மட்டும் போட்டி, எறிதல் கிடையாது. பிறகு எதிராளி மெதுவாக எறிவான், அவள் விழ மட்டும் வேண்டும். கையால் தட்டினால் எதிராளி அந்த நொடியே விட்டுவிட வேண்டும் என்பது ஜூடோவின் விதி; அதை அவள் வேண்டுமென்றே பலமுறை தட்டிச் சோதித்துப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் பிடி விலகியது. பயம் அவளுக்கு இன்றைக்கும் இருக்கிறது. "மாஸ்டர், இன்னைக்குக் கொஞ்சம் பயமா இருக்கு" என்று சொல்லிவிட்டு, தானே மெத்தைக்குள் போய் நிற்கிறாள். நான் கேட்கும் தைரியம் இவ்வளவுதான்.

இதற்கு நேர் எதிரான வழியும் இருக்கிறது. பின்வாங்கும் பிள்ளையைப் பயந்தாங்கொள்ளி என்று எல்லார் முன்னாலும் சொல்வது, பாடம் புகட்டுகிறேன் என்று அவனைவிடப் பெரிய பையனோடு மோதவிடுவது. இப்படிச் செய்தால் ஊக்கம் வரும் என்று உண்மையாகவே நம்புகிறவர்கள் உண்டு. ஜூடோ பிறந்த ஜப்பானிலேயே இந்த நம்பிக்கை எங்கே கொண்டுபோய் விட்டது என்று பாருங்கள். 2012 லண்டன் ஒலிம்பிக்கிற்கான பயிற்சியில் தங்களை அடித்ததாகவும் இழிவுபடுத்தியதாகவும் அந்த நாட்டின் முன்னணி வீராங்கனைகள் 15 பேர் புகார் கொடுத்தார்கள். தேசிய மகளிர் அணியின் பயிற்சியாளர் 2013-ல் பதவி விலகினார். லண்டனில் ஆண், பெண் இருபாலருக்கும் சேர்த்து ஜூடோவில் ஜப்பானுக்குக் கிடைத்தது ஒரே ஒரு தங்கம். 2022-ல் அந்நாட்டு ஜூடோ சம்மேளனம் ஆரம்பப் பள்ளி மாணவர்களுக்கான தேசியப் போட்டியையே நிறுத்தியது. எப்படியாவது ஜெயிக்க வேண்டும் என்ற வெறி பெரியவர்களிடம் அளவு மீறிப் போனதுதான் காரணம்.

பெல்ட், மெடல் விஷயத்திலும் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ 1882-ல் கோடோகான் என்ற தன் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியபோது, தேர்ச்சி நிலையைக் காட்டும் இத்தனை வண்ண பெல்ட்கள் கிடையாது. இப்போது அடுத்த பெல்ட் எப்போது என்பதுதான் பெற்றோரின் முதல் கேள்வி. 1973-ல் அமெரிக்காவில் உளவியலாளர் மார்க் லெப்பரும் சக ஆய்வாளர்களும் படம் வரைவதில் ஆசையுள்ள சிறு குழந்தைகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். வரைந்தால் சான்றிதழ் என்று முன்கூட்டியே சொல்லி வாங்கிக்கொண்ட குழந்தைகள், பிற்பாடு சும்மா விளையாடும் நேரத்தில் மற்றவர்களைவிட ஏறக்குறைய பாதி நேரம்தான் வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களுக்கு ஆசை குறையவில்லை. பெல்ட்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெல்ட்டுக்காக மட்டும் வருகிற பிள்ளை, முதல் தோல்வியோடு வருவதை நிறுத்திவிடுகிறது. நேற்று வராத உத்தி இன்றைக்கு வந்துவிட்டதே என்று துள்ளுகிற பிள்ளை தோற்றாலும் மறுநாள் வந்து நிற்கிறது.

எனக்கு மிகவும் கவலை தருவது வேறொன்று. மாஸ்டரைக் கண்டு பயப்படும் பிள்ளை, அடிபட்டால் மறைக்கும். ஜூடோவில் கைகால் அடியைவிடத் தலையில் படும் அடிதான் உயிருக்கு ஆபத்து. எதிராளியின் காலைப் பின்னாலிருந்து வாரி மல்லாக்க வீழ்த்தும் ஓசோட்டோகாரி என்ற எறியில், சரியாக விழத் தெரியாத புதியவர்களின் பின்மண்டை மோதும். ஜப்பானியப் பள்ளிகளில் 1983-க்குப் பிறகான முப்பது ஆண்டுகளுக்குள் ஜூடோவின்போது நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்கள் இறந்திருக்கிறார்கள். முதல் அடியில் மூளை கலங்கி, அது ஆறுவதற்குள் இரண்டாவது அடி பட்டால் ஆபத்து பல மடங்கு. "தலை வலிக்குது மாஸ்டர்" என்று ஒரு பிள்ளை தயங்காமல் சொல்ல முடிகிற வகுப்பில் அந்த இரண்டாவது அடியைத் தடுத்துவிடலாம். சொன்னால் திட்டு விழும் என்கிற வகுப்பில் தடுக்கவே முடியாது.

எனவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது, பணம் கட்டுவதற்கு முன் ஒரு வகுப்பை முழுக்க உட்கார்ந்து பார்க்கும்படி பெற்றோருக்குச் சொல்லுங்கள். மாட்டேன் என்று பின்வாங்குகிற குழந்தையிடம் பயிற்சியாளர் என்ன பேசுகிறார் என்று கவனிக்கச் சொல்லுங்கள். பெற்றோரை உள்ளே விட மறுக்கும் இடமென்றால் வேறு இடம் தேடச் சொல்லுங்கள். தலையில் அடிபட்ட குழந்தையை அன்று மறுபடி மெத்தையில் ஏற்றக் கூடாது, மருத்துவரிடம் காட்டாமல் பயிற்சிக்குத் திரும்ப அனுப்பக் கூடாது என்பதைக் கட்டுரைக்குப் பக்கத்திலேயே தனிக் கட்டம் போட்டு வெளியிட்டால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
ஜூடோ பயிற்சியாளர் ஒருவர்