பேத்தியின் அறையைப் பார்க்க எங்களுக்கு அனுமதி இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற மாசி மாதம் நானும் என் கணவரும் சென்னையில் வேலை பார்க்கும் பேத்தியைப் பார்க்கப் போயிருந்தோம். நான்கு நாள் தங்கினோம். கடலைப் பார்த்தோம், கபாலீசுவரர் கோயிலைப் பார்த்தோம். அவள் படுத்து உறங்கும் கட்டிலை மட்டும் பார்க்க முடியவில்லை. ஊர் திரும்பியதிலிருந்து இது மனத்தை அறுத்துக்கொண்டே இருப்பதால் எழுதுகிறேன்.

எனக்கு 71 வயது, அவருக்கு 78. மகனும் மருமகளும் சிங்கப்பூரில் இருக்கிறார்கள். பேத்தி ஐந்தாம் வகுப்பிலிருந்து எங்களிடம்தான் வளர்ந்தாள். அவளுடைய மதிப்பெண் அட்டையில் பெற்றோர் கையெழுத்து என்ற இடத்தில் இருப்பதெல்லாம் என் கையெழுத்து. சைக்கிள் பழக்கியவர் அவள் தாத்தா. இப்போது பழைய மாமல்லபுரம் சாலையில் ஒரு கணினி நிறுவனத்தில் வேலை. துரைப்பாக்கத்தில் ஒரு தனியார் பெண்கள் விடுதியில் தங்கியிருக்கிறாள். அவள் போய் ஒன்றரை ஆண்டு ஆகியும், கணவரின் முழங்கால் அறுவை சிகிச்சையால் எங்கள் பயணம் தள்ளிக்கொண்டே போனது.

மன்னை எக்ஸ்பிரஸில் இருவருக்கும் கீழ்ப்படுக்கை கிடைத்தது பெரிய உதவி. 2020 மார்ச் வரை ரயிலில் மூத்த பெண்களுக்கு 50 விழுக்காடும் ஆண்களுக்கு 40 விழுக்காடும் கட்டணச் சலுகை இருந்தது. அது நின்ற பிறகு எங்கள் வயதுக்காரர்கள் பணத்தை எண்ணிப் பார்த்துத்தான் ஊருக்குக் கிளம்புகிறோம்.

எழும்பூரில் இறங்கி, முறுக்கு டின்னும் பருப்புப் பொடியும் நெய்யுமாக நேரே விடுதிக்குப் போனோம். வரவேற்பறைக்கு அப்பால் விடவில்லை. பதிவேட்டில் தாய், தந்தை, உள்ளூர்ப் பாதுகாவலர் என்று மூன்றே இடங்கள். அறை வரை போகத் தாய்க்கு மட்டும் அனுமதி, அதுவும் சேர்க்கும் நாளில். அவள் தாய் சிங்கப்பூரில். பாதுகாவலருக்குச் சென்னை முகவரி வேண்டும் என்றதால், கல்லூரித் தோழியின் சித்தி பெயரைக் கொடுத்திருக்கிறாள். அந்த அம்மாள் நல்லவர்தான். ஆனால் பேத்தியை இரண்டு முறைதான் பார்த்திருக்கிறார். அவர் பெயர் பதிவேட்டில் இருக்கிறது. நானும் அவள் தாத்தாவும் அதில் இல்லை.

அங்கே பொறுப்பில் இருந்த பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன். ஆதார் அட்டையைக் காட்டினேன். விதியைத் தான் மாற்ற முடியாது என்று வருத்தத்துடன் சொன்னாள். நான் 30 ஆண்டு பெண்கள் பள்ளியில் ஆசிரியையாக இருந்தவள். பெண்கள் தங்கும் இடத்தின் கதவு இறுக்கமாகத்தான் இருக்க வேண்டும். பெண்கள், குழந்தைகள் தங்கும் விடுதிகளை ஒழுங்குபடுத்த 2014இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்தது; மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் பெறாமல் நடத்தக் கூடாது. அந்தக் கண்டிப்பு இருப்பதால்தான் நாங்கள் ஊரில் நிம்மதியாக உறங்குகிறோம். என் கணவர் மாடிக்கு வர வேண்டும் என்று நான் கேட்கவே இல்லை. நான் ஒருத்தி, பத்து நிமிடம், அவர்களுடைய ஆள் ஒருவர் கூட வர, போய்ப் பார்த்துவிட்டு இறங்கிவிடுகிறேன் என்றுதான் கேட்டேன்.

பேத்தி மேலே ஓடிப் போய்க் கைப்பேசியில் அழைத்தாள். "இதுதான் அப்பாயி என் கட்டில், இது நாங்கள் மூன்று பேரும் துணி வைக்கும் அலமாரி, இது ஜன்னல்" என்று ஒவ்வொன்றாகக் காட்டினாள். மன்னார்குடியில் திண்ணையில் உட்கார்ந்து எப்படிப் பார்ப்பேனோ அப்படியே, அவளுக்கு நான்கு மாடி கீழே, செருப்புத் தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். மெத்தையில் உட்கார்ந்தால்தான் அது எவ்வளவு மெலிந்தது என்று தெரியும். தலையணை உறையை முகர்ந்தால் துணி வெயிலில் காய்கிறதா என்று தெரியும். அறையில் உடன் இருக்கும் பெண்களிடம் இரண்டு வார்த்தை பேசினால், இவளுக்கு உடம்பு சரியில்லாத இரவில் யாராவது வெந்நீர் வைத்துக் கொடுப்பார்களா என்று தெரியும். இதற்காகத்தான் நான் 300 கிலோமீட்டருக்கு மேல் வந்தேன். கைப்பேசியில் இவை தெரியாது.

நாட்டின் சட்டம் எங்கள் உறவை எப்படிப் பார்க்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007இல் வந்தது. அதில் 'பிள்ளைகள்' என்ற சொல்லுக்குள் மகன், மகளோடு வயது வந்த பேரன், பேத்தியும் அடக்கம். எங்களுக்குச் சோற்றுக்கு வழியில்லாமல் போனால் பேத்தியிடமும் பராமரிப்புக் கேட்கும் உரிமையைச் சட்டம் தருகிறது. கேட்கும் நிலை வராது. வந்தாலும் கேட்க மாட்டோம். ஆனால் அவளை எங்கள் பிள்ளை என்று சட்டமே சொல்லும்போது, ஒரு விடுதியின் படிவத்தில் நாங்கள் வெளியாட்களாக நிற்பது எந்த வகையில் சரி? பெற்றோர் வெளிநாட்டில் இருக்க, தாத்தா பாட்டியிடம் வளரும் பிள்ளைகள் எங்கள் பக்கத்தில் தெருவுக்கு நான்கு பேர் இருக்கிறார்கள். அவர்களெல்லாம் வளர்ந்து இதே சென்னைக்குத்தான் வேலைக்குப் போகிறார்கள்.

நாங்கள் எழும்பூரில் ஒரு லாட்ஜில் தங்கினோம், நாளுக்கு 1,800 ரூபாய். எனக்கு ஓய்வூதியம் வருகிறது. அது வராதவர்கள் என்ன செய்வார்கள்? எழும்பூருக்கும் துரைப்பாக்கத்துக்கும் இரண்டு பஸ். சாதாரணக் கட்டணப் பஸ்ஸில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது என்பதால் எனக்குச் செலவில்லை. 60 வயதைக் கடந்தவர்களுக்கு மாதம் 10 இலவச டோக்கன் உண்டு என்று கேள்விப்பட்டு அவர் நடத்துநரிடம் விசாரித்தார். அது சென்னையில் குடியிருப்பவர்களுக்கு மட்டுமாம். ஊரிலிருந்து வரும் கிழவரை அங்கும் யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. இரண்டாம் நாள் பேத்திக்கு வேலை முடிய நேரமாகிவிட்டது. மெட்ரோ ரயில் வேலைக்காகத் தோண்டிப் போட்ட சாலையோரத்தில், உட்கார ஒரு மேடை இல்லாமல் நின்றோம். ஒடிசாவிலிருந்து வந்திருந்த காவலாளி ஒருவர் தன் நாற்காலியைக் கொண்டுவந்து அவரை உட்காரவைத்து, ஒன்றரை மணி நேரம் தான் நின்றுகொண்டிருந்தார். அந்தப் பிள்ளை நன்றாக இருக்க வேண்டும்.

இரவு ஒன்பதரைக்குள் பேத்தி விடுதிக்குத் திரும்பிவிட வேண்டும். நான்கு நாளில் அவளோடு இருந்த நேரத்தைக் கூட்டிப் பார்த்தேன். பதினைந்து மணி நேரம்கூட வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலை மெரினாவுக்கு அழைத்துப் போனாள். என் கணவர் மெரினாவுக்குக் கடைசியாக வந்தது 1969இல், அண்ணாவின் இறுதி ஊர்வலத்துக்கு. மணலில் கைத்தடி புதைந்துவிடும், நான் சாலையிலேயே உட்கார்ந்திருக்கிறேன் என்றார். பேத்தி விடவில்லை. விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே கடலை நோக்கி மரப்பாதை ஒன்று போகிறது. மாற்றுத்திறனாளிகளுக்காக 2022 நவம்பரில் திறந்தார்களாம். இரண்டே வாரத்தில் மாண்டஸ் புயல் அதைச் சிதைத்துவிட, மறுபடியும் சீராக்கினார்கள். 250 மீட்டருக்கு மேல் நீளம், பிடித்து நடக்கக் கைப்பிடி. ஒரு கையில் கைப்பிடியும் மறு கையில் பேத்தியுமாக அவர் அலைக்குப் பக்கத்தில் போய் நின்றார். நெடுநேரம் பேசவே இல்லை. சக்கர நாற்காலியில் வந்திருந்த ஒரு சிறுமியும் எங்கள் அருகில் இருந்தாள். அந்தப் பாதையைக் கட்ட நினைத்தவர்களுக்கும், புயல் கொண்டுபோன பின் மீண்டும் கட்டியவர்களுக்கும் உங்கள் இதழ் வழியாக நன்றி சொல்கிறேன்.

கடல் வரை எங்களைக் கொண்டுபோக முடிந்த ஊரில், பேத்தியின் விடுதிக்குள் ஓர் அறை ஒதுக்குவது முடியாத காரியமா? கீழ்த்தளத்தில், மாடிக்குப் போகாமல் வெளியிலிருந்தே நுழைகிறபடி, இரண்டு கட்டிலும் உட்கார்ந்து எழப் பிடிமானம் உள்ள கழிப்பறையும் போதும். வாடகை வாங்கிக்கொள்ளட்டும். ஒரு விடுதியால் தனியாக முடியாது என்றால், அந்தத் தெருவில் இருக்கும் ஏழெட்டு விடுதிகள் சேர்ந்து ஒரு சிறு வீட்டை எடுத்து வைக்கலாம். அரசே நடத்தும் தோழி விடுதிகள் இதில் முன்னால் நின்று காட்டினால் தனியாரும் பின்பற்றுவார்கள்.

அறை கட்ட நாளாகும் என்பது தெரியும். ஆனால் படிவத்தில் தாத்தா, பாட்டி என்று ஒரு வரி சேர்க்க ஒரு நாள் போதும். அந்த வரியில் புகைப்படமும் அடையாள எண்ணும் வாங்கிக்கொண்டு, பாட்டிகளை மட்டுமாவது பகல் வேளையில் அறை வரை விடலாம். உரிமம் வழங்கும் ஆட்சியர் அலுவலகங்கள் இதை விடுதிகளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஐப்பசியில் அவளுக்குப் பிறந்தநாள். போக வேண்டும் என்று இப்போதே அவர் சொல்லிக்கொண்டிருக்கிறார். இந்த முறை நான் மேலே வரலாமா என்று பேத்தி விடுதி உரிமையாளருக்கு எழுதிக் கேட்டிருக்கிறாள். இன்னும் பதில் வரவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
மன்னார்குடி