பெரியவர்கள் சொல்வது ஒத்துப்போகவில்லை என்று நிறுத்திவிடாதே

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உங்கள் ஊரின் வரலாற்றை ஊர்க்காரர்களின் நினைவுகளைக் கொண்டே எழுத வேண்டும் என்று ஆசையாகத் தொடங்கினாய். இப்போது கைவிட்டுவிடலாமா என்று கேட்கிறாய். பாலம் கட்டுவதற்கு முன்பே வெள்ளம் ஊருக்குள் வந்துவிட்டது என்கிறார் ஒரு பெரியவர். பாலம் கட்டியதால்தான் வெள்ளமே வந்தது என்கிறார் இன்னொருவர். இரண்டு பேருமே அந்தத் தண்ணீரில் நின்றவர்கள். "யாரை நம்பி எழுதுவது அண்ணா?" என்பது உன் கேள்வி. இதே வேலையில் இறங்கியிருக்கும் மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று, உன்னிடம் கேட்டுக்கொண்டுதான் இந்தப் பதிலைப் பொதுவில் எழுதுகிறேன்.

இரண்டு பேர் சொன்னதையும் எழுது. யார் சொன்னது, எப்போது சொன்னது, வெள்ளம் வந்தபோது அவருக்கு என்ன வயது, எந்தத் தெருவில் இருந்தார் என்பதையும் கூடவே எழுது. வெள்ளம் வந்த ஆண்டைப் பழைய செய்தித்தாளிலோ பொதுப்பணித் துறைக் கோப்பிலோ தேடிப் பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். ஆனால் ஆண்டு தெரிந்துவிட்டது என்பதற்காக, மாற்றிச் சொன்னவரின் பேச்சைத் தூக்கிப் போட்டுவிடாதே. பாலத்தின் மேல் அவருக்கு ஏன் அவ்வளவு கோபம்? மண் கொட்டி மேடாக்கியதில் யாருடைய பக்கம் தண்ணீர் தேங்கியது? அந்தக் கேள்வியைக் கேட்க வைத்ததே அவருடைய "தவறு"தான். கோப்பில் அது இருக்காது.

இத்தாலியில் தெர்னி என்று ஓர் இரும்பாலை நகரம் இருக்கிறது. 1949 மார்ச்சில், நேட்டோ ஒப்பந்தத்தில் இத்தாலி சேருவதை எதிர்த்து ஆலைத் தொழிலாளர்கள் வெளியே வந்தபோது, போலீஸ் மோதலில் லூய்ஜி த்ரஸ்துல்லி என்ற 21 வயதுத் தொழிலாளி கொல்லப்பட்டார். பல ஆண்டுகள் கழித்து அலெசாந்த்ரோ போர்தெல்லி என்ற ஆய்வாளர் அந்த ஊர்க்காரர்களின் பேச்சை ஒலிப்பதிவு செய்தார். அவர்களில் நிறையப் பேர் அந்தச் சாவு 1953இல் நடந்ததாகச் சொன்னார்கள். 1953இல்தான் அதே ஆலை இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வேலையை விட்டு அனுப்பியது, ஊரே தெருவில் இறங்கிப் போராடியது. கூட வேலை செய்த பையன் ஒரு சாதாரண ஊர்வலத்தில், யாரும் பதில் கேட்காமல் செத்துப்போனான் என்பதை ஊரால் தாங்க முடியவில்லை. அவனைத் தங்களுடைய பெரிய போராட்டத்துக்குள் கொண்டுபோய் வைத்துக்கொண்டது. போர்தெல்லி இதை மறதி என்று ஒதுக்கவில்லை. ஒரு நிகழ்ச்சி அந்த மக்களுக்கு என்னவாக இருந்தது என்பதற்கான சான்றாக எடுத்துக்கொண்டார். நினைவுகளைச் சேகரிக்கும் யாருக்கும் இதைவிடத் தைரியம் கொடுக்கும் செய்தி எனக்குத் தெரிந்து இல்லை.

அடுத்தது, நீ யாரிடமெல்லாம் பேசியிருக்கிறாய் என்ற பட்டியலைப் பார்த்தேன். எல்லோரும் மதிப்புக்குரியவர்கள், எல்லோரும் ஆண்கள், எல்லோரும் நன்றாகப் பேசத் தெரிந்தவர்கள். இதில் உன் தப்பு எதுவும் இல்லை. எந்த ஊரிலும் "பழைய விஷயமா, அவரைப் போய்ப் பாருங்க" என்று எல்லோரும் ஒரே ஆளைத்தான் கைகாட்டுவார்கள். அவரும் பலமுறை சொல்லிச் சொல்லிப் பக்குவமாகிவிட்ட கதையை உனக்கும் சொல்வார். அதையும் பதிவு செய். ஆனால் அங்கேயே நின்றுவிடாதே. ஒரு பள்ளிக்கூடத்தைப் பற்றி, அதில் படித்தவர் சொல்வது ஒன்று. அதைக் கூட்டிப் பெருக்கியவர் சொல்வது வேறு. அதற்குள் நுழைய விடாமல் நிறுத்தப்பட்டவர் சொல்வது முற்றிலும் வேறு. கல்யாணமாகி அந்த ஊருக்கு வந்த பெண்களை அவசியம் கேள். வெளியிலிருந்து வந்தவர்கள் என்பதால், பிறந்து வளர்ந்தவர்களின் கண்ணில் படாததெல்லாம் அவர்களுக்குப் பட்டிருக்கும். பிழைப்புக்காக ஊரை விட்டுப் போனவர்களிடமும் பேசு. அவர்களுடைய நினைவில் ஊர் அவர்கள் கிளம்பிய நாளிலேயே நிற்கும், அது நமக்கு நல்லது.

கேட்கிற விதத்தைக் கொஞ்சம் மாற்றிப் பார். "ஊர் வரலாற்றைச் சொல்லுங்க" என்று கேட்டால், மேடையில் கேட்டதையும் மலரில் படித்ததையும்தான் சொல்வார்கள். வெள்ளம் வந்த ராத்திரி முதலில் விழித்தது யார், என்ன சத்தம் கேட்டது, கையில் எதை எடுத்துக்கொண்டு வெளியே வந்தீர்கள் என்று கேள். ஆண்டைக் கேட்காதே. "அப்போ உங்க மூத்த பெண் பிறந்தாச்சா? நடக்குமா, இடுப்பில இருந்துச்சா?" என்று கேள். குழந்தை இடுப்பில் இருந்தது என்று தெரிந்தால் நீயே ஆண்டை நெருங்கிவிடலாம், அவரும் தேர்வு எழுதுவதுபோல் தடுமாற மாட்டார். உன் இரண்டு பெரியவர்களிடமும் முதலில் இதைச் செய்து பார். அவர்கள் இரண்டு வேறு வெள்ளங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கவும் வாய்ப்பு இருக்கிறது! அப்புறம், அவர் பேச்சை நிறுத்தினால் உடனே அடுத்த கேள்விக்குப் போகாதே. சும்மா இரு. பல நேரங்களில் முக்கியமானது அந்த இடைவெளிக்குப் பிறகுதான் வரும்.

தனித்தனியாகப் பேசி முடித்தபின் ஒரு நாள் எல்லோரையும் சேர்த்து உட்கார வை. நடுவில் ஒரு பெரிய வெள்ளைத் தாளை விரித்து, ஆறு, சாலை, பேருந்து நிலையம் என்று இரண்டு மூன்று கோடு மட்டும் போட்டுக் கொடு. மிச்சத்தை அவர்கள் வரையட்டும். இரண்டாம் உலகப் போரில் கிழக்கு ஐரோப்பாவின் யூதச் சிற்றூர்கள் அடியோடு அழிக்கப்பட்டபின், உயிர் பிழைத்தவர்கள் ஊர் ஊராகச் சேர்ந்து நினைவு மலர்கள் வெளியிட்டார்கள். யிஸ்கோர் நூல்கள் என்று அவற்றைச் சொல்வார்கள். நூற்றுக்கணக்கான ஊர்களுக்கு இப்படி மலர் உண்டு. பலவற்றில், நினைவிலிருந்து கையால் வரைந்த ஊர்ப்படம் இருக்கும். திரும்பிப் போய்ச் சரிபார்க்க அங்கே ஊரே இல்லை. ஒருவர் தெருவை வரைய, இன்னொருவர் அதில் கிணற்றைச் சேர்க்க, மூன்றாமவர் கிணறு அந்தப் பக்கம் என்று திருத்த, அப்படித்தான் ஓர் ஊர் தாளில் மிஞ்சும். உனக்கு ஊரும் இருக்கிறது, ஆட்களும் இருக்கிறார்கள். கூட்டத்தில் குரல் பெரிதாக இருப்பவர் மற்றவர்களை அடக்கிவிடுவார், அதை மட்டும் பார்த்துக்கொள். பென்சிலை அமைதியாக இருப்பவர் கையில் கொடு.

தனியாகச் செய்ய முடியவில்லை என்று எழுதியிருந்தாய். பிள்ளைகளைச் சேர்த்துக்கொள். அயர்லாந்தில் 1937 முதல் 1939 வரை, நாட்டார் வழக்காற்று ஆணையம் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களின் துணையோடு பெரிய வகுப்புப் பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுத்தது. அவர்கள் வீட்டிலும் பக்கத்திலும் இருந்த வயதானவர்களிடம் கேட்டு நோட்டுப் புத்தகத்தில் எழுதினார்கள். சுமார் 5,000 பள்ளிகளிலிருந்து ஏறத்தாழ 7,40,000 பக்கங்கள் சேர்ந்தன. இன்று அவை இணையத்தில் எல்லோருக்கும் கிடைக்கின்றன. யார் சொன்னார், எந்த ஊர் என்று பிள்ளைகள் பெரும்பாலும் குறித்து வைத்ததால்தான் இன்றைக்கும் அவை பயன்படுகின்றன. தாத்தா பாட்டி, நம்மிடம் சொல்லத் தயங்குவதைப் பேரனிடம் சொல்லிவிடுவார்கள்.

இனி பாதுகாப்பது. ஃபோனில் பதிவு செய்தாலும் போதும், ஆனால் அன்று இரவே ஃபைலுக்குத் தேதி, பேசியவர், பொருள் என்று பெயர் வைத்துவிடு. பெயரில்லாத ஒலிப்பதிவும் காணாமல் போனதும் ஒன்றுதான். புகைப்படத்தை வாங்கி வராமல், அங்கேயே, உரியவர் எதிரிலேயே படமெடு அல்லது ஸ்கேன் செய். பின்பக்கத்தையும் சேர்த்து எடு, ஸ்டூடியோ முத்திரையும் கையெழுத்தும் அங்கேதான் இருக்கும். படத்தில் நிற்பவர்களின் பெயரை இடமிருந்து வலமாகக் கேட்டுத் தனித்தாளில் எழுது. படத்தின் பின்னால் எழுதியே ஆக வேண்டுமென்றால் மென்மையான பென்சிலால், ஓரத்தில், அழுத்தாமல் எழுது. பேனா மை ஊறி முன்பக்கத்துக்கு வந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் மூன்று பிரதி வை, அதில் ஒன்று உன் ஊருக்கு வெளியே இருக்கட்டும். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் போயின. வேறெங்கும் பிரதி இல்லாதவையும் அவற்றில் இருந்தன, அவை திரும்பவே இல்லை. 2005இல் தொடங்கிய, "நூலகம்" என்றே பெயர் கொண்ட எண்ணிம (டிஜிட்டல்) நூலகம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் இணையத்தில் ஏற்றுவதோடு வாய்மொழி வரலாறுகளையும் பதிவு செய்கிறது. அவர்கள் பதிவுகளுக்கு விவரம் எழுதுகிற முறையை ஒருமுறை பார், உனக்கு உதவும்.

ஒன்றே ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். ஒருவர் சொன்னதை வெளியிடுவதற்கு முன் அவரிடம் வாசித்துக் காட்டு. பகை, கடன், ஒரு வீட்டுப் பெண்ணைப் பற்றிய பேச்சு இதெல்லாம் சிறிய ஊரில் பெயரில்லாமல் எழுதினாலும் யாரென்று தெரிந்துவிடும். "இதை நான் இருக்கும்வரை வெளியிடாதே" என்று ஒருவர் சொன்னால், அதைப் பதிவிலேயே எழுதி, அப்படியே மூடி வை. ஊர் உன்னை நம்பிப் பேசுகிறது, உன் புத்தகத்தைவிட அது பெரிது.

ஊர்க் கதைகளைச் சேகரிப்பது நம் நாட்டுக்குப் புதிதும் இல்லை. இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரலான (நில அளவைத் தலைமை அதிகாரி) காலின் மெக்கன்சி, 1821இல் இறக்கும்வரை, உதவியாளர்களை ஊர் ஊராக அனுப்பித் தல வரலாறுகளைச் சேர்த்தார். அவற்றில் ஒரு பகுதி இன்றும் சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கிறது. பெரிய செல்வம்தான். ஆனால் கதை சொன்ன ஊர்களில் எத்தனைக்கு, தன் கதை அங்கே இருப்பது தெரியும்? உன் வேலை அப்படி ஆகிவிடக் கூடாது. முழுப் புத்தகம் வரும்வரை காத்திருக்காதே. பேசியவர் ஒவ்வொருவர் வீட்டுக்கும் அவர் பேச்சின் ஒலிப்பதிவையும், எழுதிய பக்கங்களையும் கொண்டுபோய்க் கொடு. படித்துவிட்டு "இது இப்படி இல்லையே" என்று பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தால், அவரையும் உட்கார வைத்துப் பதிவு செய்.

உன் இரண்டு பெரியவர்களில் மூத்தவருக்கு உடம்பு சரியில்லை என்று எழுதியிருந்தாய். மற்ற எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிட்டு இந்த வாரமே அவரைப் போய்ப் பார். குழந்தை இடுப்பில் இருந்ததா என்று கேட்க மறந்துவிடாதே. பதிலை எனக்கும் எழுது.

அன்புடன்,
அண்ணன்