பத்தாயிரம் பேர் இல்லாத மொழிகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

2010-இல் யுனெஸ்கோ வெளியிட்ட பட்டியலின்படி, உலகில் ஏறத்தாழ 2,500 மொழிகள் அழியும் நிலையில் உள்ளன. அவற்றில் 197 மொழிகளுடன் இந்தியாவே முதலிடத்தில் நிற்கிறது. அதே ஆண்டு ஜனவரியில் அந்தமானில் போவா என்ற மூதாட்டி காலமானார். அவரோடு போ மொழியும் போய்விட்டது. பேச்சுத் துணைக்குத் தன் மொழியில் ஒருவர்கூட இல்லாமல் பல ஆண்டுகள் வாழ்ந்தவர் அவர். நினைத்தாலே மனம் கனக்கிறது.

அந்தமான் தொலைவில் இருப்பதாக நாம் ஆறுதல் கொள்ள முடியாது. இங்கே பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. சாலையில், நடைபாதையில் பாசிமணி விற்கும் நரிக்குறவப் பெண்கள் ஊசியில் மணி கோத்தபடியே தங்கள் தாய்மொழியான வாக்ரிபோலியில் பேசுகிறார்கள். பக்கத்தில் இருக்கும் பிள்ளைகள் தமிழில் பதில் சொல்கிறார்கள். பிள்ளைகள் தமிழ் கற்பது நல்லதுதான். ஆனால் தாய்மொழியை விட்டுவிட்டுத்தான் கற்க வேண்டுமா? எழுத்து வழக்கில் வேரூன்றாத மொழிக்கு நாவைத் தவிர வேறு இருப்பிடம் ஏது?

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், பத்தாயிரம் பேருக்குக் குறைவாகப் பேசும் மொழிகள் தனியாக வெளியிடப்படாமல் ‘பிற’ என்ற தலைப்பில் அடைக்கப்படுகின்றன. நீலகிரியின் தோடா, கோத்தர் மொழிகளுக்கும் இதே கதிதான். இது பெரும் அநீதி. அடுத்த கணக்கெடுப்பிலாவது எல்லா மொழிகளையும் பெயர் சொல்லி வெளியிட வேண்டும். தமிழக அரசும் பல்கலைக்கழகங்களும் முதியவர்களின் பேச்சையும் பாட்டையும் இப்போதே ஒலிப்பதிவு செய்யத் தொடங்க வேண்டும்.

ஒரு வாசகர்,
தண்டையார்பேட்டை, சென்னை