படம் சிவப்பாக இல்லை, சேகர்

சார்செல், பிரான்ஸ்,
ஞாயிறு இரவு

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து ஆறு மாதமாகிறது. வேலை, உடம்பு என்று காரணம் அடுக்க மாட்டேன். நான் அனுப்பிய டிஸ்க் ஓடவில்லை என்று படித்ததும் மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஒரு வழி கண்டுபிடித்துவிட்டு எழுதலாம் என்று தள்ளிப்போட்டேன், நாள் ஓடிவிட்டது. தங்கச்சிக்கு முட்டிவலி தேவலையா? சின்னவனுக்கு வேலை கிடைத்ததை மணி போனில் சொன்னான். ரொம்பச் சந்தோஷம். இங்கே எல்லோரும் சுகம். குளிர் இறங்கிவிட்டது.

இன்றைக்கு எழுத உட்கார வைத்தது வேறு விஷயம். போன வியாழக்கிழமை ‘லெ செர்க்கிள் ரூஜ்’ (சிவப்பு வட்டம்) படம் பார்த்தேன். பாரிஸில் சாம்போலியோன் தெருவில் ஒரு சின்னத் தியேட்டர், இருபது பேர்கூட இல்லை. பிரெஞ்சு இயக்குநர் மெல்வில் 1970-ல் எடுத்த அந்தப் படத்தை, அதற்கு ஐம்பது வயதானபோது, 2020-ல் மூல நெகட்டிவிலிருந்து 4கே என்கிற உயர்ந்த துல்லியத்தில் புதுப்பித்தார்கள். அந்தப் பிரதிதான் ஓடியது.

சேகர், படம் சிவப்பாக இல்லை.

அந்த வயல் காட்சி ஞாபகம் இருக்கிறதல்லவா? கதாநாயகன் டெலோன் காரை நிறுத்திவிட்டுத் தள்ளிப் போய் நிற்பார். டிக்கியிலிருந்து இன்னொரு நடிகர் வொலோந்தே துப்பாக்கியோடு எழுந்து வருவார். இருவருக்கும் நடுவே சிகரெட் பாக்கெட் பறக்கும். அந்தக் காலத்தில் நாம் பார்த்தபோது அந்த மண் செக்கச்செவேலென்று இருந்தது. ஆரோவில் மண் மாதிரி இருக்கிறது என்று நீ என் காதில் சொன்னாய். வியாழக்கிழமை பார்த்த மண் சாம்பல் நிறம். கொஞ்சம் பச்சை கலந்த, ஈரம் சொட்டும் குளிர்கால மண். மேலே வெளுத்த வானம். மரத்தில் ஒரு இலை இல்லை. டெலோனின் கோட்டும் அந்த மண்ணும் ஏறக்குறைய ஒரே நிறம். அந்த நிமிஷம் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. முப்பத்தைந்து வருஷத்துக்கும் மேலாக நான் மனதில் வைத்திருந்தது வேறு ஒரு படம்.

தொப்பி மாமா அன்றைக்கே சொன்னார். மடக்கு நாற்காலியை எடுத்து அடுக்கிக்கொண்டே, “பிரிண்டு வெளுத்துப் போச்சுடா பசங்களா” என்றார். நீ மூன்று நாள் அவரோடு பேசவில்லை. பேசாமல் உட்கார்ந்து நம் கையெழுத்துப் பத்திரிகைக்கு ஆறு பக்கம் எழுதினாய், ‘செம்மண்ணில் தொடங்கும் விதி’ என்று. நான்தான் அதைப் பிரதியெடுத்தேன், கை வலிக்க வலிக்க. பிலிம் பெட்டி தூக்கியே வாழ்ந்த மனுஷன் சொன்னது சரியாகப் போயிற்று. அந்தக் காலத்து வண்ணப் பிரிண்டில் மூன்று சாயப் படலம் உண்டு. நீலப்பச்சைச் சாயம் முதலில் கரையும், மஞ்சளும் பின்னாலேயே போகும். கடைசியில் மிஞ்சுவது ரோஜா நிறம். நமக்கு வந்த 16 எம்எம் பிரிண்டு அந்த நிலைக்குப் போயிருந்தது. நீ எழுதியது சாயம் போன பிலிமைப் பற்றி. ஆனாலும் அது நல்ல கட்டுரை, இப்போதும் சொல்வேன்.

உன் அப்பாவையும் நினைத்துக்கொண்டேன். படத்தின் தொடக்கத்தில் திரையில் ஓர் எழுத்து வருமே, புத்தர் சிவப்புச் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு வட்டம் வரைந்து, சந்திக்க வேண்டிய மனிதர்கள் எந்த வழியில் பிரிந்து போனாலும் குறித்த நாளில் அதற்குள் வந்து சேர்வார்கள் என்று சொன்னதாக. கீழே ராமகிருஷ்ணர் பெயர். அப்பா ஒரு மாதம் பரமஹம்சரின் உபதேச நூல்களைப் புரட்டினார், பென்சிலும் கையுமாக. அப்படி ஒரு வாசகம் எங்கும் கிடையாது. மெல்வில் தானே எழுதிப் பெயரைப் போட்டுவிட்டார். அவருடைய இன்னொரு படம் ‘லெ சமுராய்’ தொடக்கத்தில், ஜப்பானியச் சாமுராய்களின் நெறி சொல்லும் புஷிதோ நூலிலிருந்து என்று வரும் வரியும் அவர் கற்பனைதான். அப்பாவிடம் இதைச் சொல்லக் கொடுத்துவைக்கவில்லை.

சரி, இப்போது என்னைத் தூங்கவிடாமல் செய்வதைச் சொல்கிறேன்.

அன்றைக்குச் சிவப்பை நம்பினோம். இன்றைக்கு இந்தச் சாம்பலை நம்புகிறேன். இதுதான் சரி என்று யார் சாட்சி? மெல்வில் 1973-ல், 55 வயதில் போய்விட்டார். ஒளிப்பதிவாளர் ஆன்ரி தெகாயே 1987-ல் போனார். அதில் நடித்த பூர்வில், படம் வெளியாவதற்கு ஒரு மாதம் முன்பே காலமானார். டெலோனும் 2024 ஆகஸ்டில் போய்விட்டார். படம் 140 நிமிடம். வினாடிக்கு 24 என்று கணக்குப் போட்டால் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பிரேம்கள். தூசி, கீறல், கிழிசலை ஆள் உட்கார்ந்து சரிசெய்துவிடலாம். நிறம் அப்படி இல்லை. நெகட்டிவ் பாதி பதில்தான் சொல்லும். எவ்வளவு இருட்டு, எவ்வளவு குளிர்ச்சி என்பதை அப்போது லேபில் உட்கார்ந்து முடிவு செய்தவர்களுக்குத்தான் தெரியும். அவர்கள் இல்லையென்றால் பழைய பிரிண்டு ஒன்றைத் தேடிப்பிடித்து ஒப்பிட வேண்டும். அந்தப் பிரிண்டும் வெளுத்திருந்தால்? ஆதாரமில்லாத இடத்தில் இந்தக் காலத்து ரசனை வந்து உட்கார்ந்துகொள்கிறது. சில பழைய படங்கள் மஞ்சள் பூசிக்கொண்டு வருகின்றன, சிலவற்றில் பிலிமுக்கே உரிய பொடிமணல் போன்ற புள்ளிகளை வழித்தெடுத்து முகங்களை மெழுகாக்கி விடுகிறார்கள்.

வேறு இயக்குநராக இருந்தால் இவ்வளவு கவலைப்பட மாட்டேன். மெல்வில் நிறத்துக்காக உயிரை விட்டவர். வண்ணப் பிலிமில் கறுப்பு வெள்ளைப் படம் எடுக்க வேண்டும் என்பது அவர் கனவு. ‘லெ சமுராய்’ படத்தில் டெலோனின் அறையில் நிறம் எட்டிப் பார்க்கக்கூடாது என்று பிராங்க் நோட்டுக்குப் பதில் அதன் கறுப்பு வெள்ளை நகலை வைத்தார். கூண்டுப் பறவைக்கும் பெண் குருவியைத் தேர்ந்தெடுத்தார், ஆணுக்கு மார்பில் சிவப்பு இருக்கும் என்பதால். இப்படிப்பட்டவர் படத்தில் ஒருவன் நிறம் சரிசெய்யும் பொத்தானைக் கால் சுற்று அதிகமாகத் திருகினால் அது வேறு படம்.

மெல்வில் படம் ஒன்றுக்குச் சாட்சி கிடைத்தார். ‘லார்மே தெ சோம்ப்ர்’, 1969. அதன் ஒளிப்பதிவாளர் பியேர் லோம் உயிரோடு இருந்தார். 2004-ல் அதைப் புதுப்பித்தபோது அவரே மேற்பார்வை பார்த்தார். அவர் 2019 வரை இருந்தார். அந்தப் புதுப் பிரதி 2006-ல்தான் முதன்முறையாக அமெரிக்காவில் வெளியானது, 37 வருஷம் தாமதமாக. நியூயார்க் விமர்சகர்கள் அதற்கே அந்த ஆண்டின் சிறந்த வெளிநாட்டுப் பட விருதைக் கொடுத்தார்கள். யோசித்துப் பார். இன்னும் பதினைந்து வருஷம் தள்ளிப்போயிருந்தால் கேட்க ஆளே இருந்திருக்காது.

தள்ளிப்போவதற்கு முக்கியக் காரணம் உரிமை. தொப்பி மாமா காலத்தில் ஏரியா ஏரியாவாகப் படத்தை விற்ற கணக்கு உனக்குத் தெரியும், அதனால் சுலபமாகப் புரியும். இங்கே நெகட்டிவ் உரிமை பெரும்பாலும் மூன்று பெரிய நிறுவனங்களில் குவிந்து கிடக்கிறது: ஸ்தூடியோகனால், பாத்தே, கோமோன். மெல்வில் படங்களே ஒரே கூரையின் கீழ் இல்லை. ‘செர்க்கிள் ரூஜ்’ ஸ்தூடியோகனாலிடம், ‘சமுராய்’ பாத்தேயிடம். நாட்டுக்கு நாடு டிஸ்க் போடுகிறவர்கள் இவர்களிடம் குத்தகைக்கு எடுப்பவர்கள். குத்தகை முடிந்தால் அவ்வளவுதான். 2010-ல் ஸ்தூடியோகனால் படங்கள் ஒரு கொத்தாக டிஸ்க் போடும் அமெரிக்கக் கிரைட்டீரியன் நிறுவனத்தின் கையைவிட்டுப் போயின. இயக்குநர் க்ளூசோவின் ‘லெ கொர்போ’ அதில் ஒன்று, அது திரும்ப வரப் பத்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று. இடையில் அதைத் தேடினவன் பழைய டிஸ்குக்கு யானை விலை கொடுக்க வேண்டும்.

உனக்கு நான் அனுப்பிய டிஸ்கும் இந்தக் குத்தகைச் சுவரில்தான் முட்டிக்கொண்டது. புளூரே டிஸ்குக்கு உலகத்தை மூன்றாக வெட்டியிருக்கிறார்கள். அமெரிக்கா ஏ, ஐரோப்பா பி, இந்தியா சி. நான் வாங்கியது பி. நீ சென்னையில் வாங்கிய பிளேயர் சி. போதாக்குறைக்கு அதில் ஆங்கில சப்டைட்டிலும் இல்லை, காது கேளாதவர்களுக்கான பிரெஞ்சு மட்டும். பிரான்சுக்கு மட்டும் உரிமை வாங்கினவர் மற்ற நாட்டுக்காரன் பார்க்க வசதி செய்து தரமாட்டார். உனக்குப் பிரெஞ்சு போதும், தங்கச்சி என்ன செய்யும்? இதைக் கடையிலேயே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. மன்னித்துக்கொள்.

உரிமைக்காலம் முடிந்தால் எல்லாம் சரியாகும் என்று உன் கடிதத்தில் எழுதியிருந்தாய். ஆகாது. இங்கே இயக்குநர், திரைக்கதை, வசனம் எழுதியவர், இசையமைத்தவர், இவர்களில் கடைசியாகப் போகிறவர் இறந்து 70 வருஷம். சிறையிலிருந்து தப்பும் கதையான ‘லெ த்ரூ’ படத்தை எழுதியவர்களில் ஒருவர் ஜொசே ஜியோவானி. அவர் 2004-ல் இறந்தார். அப்படியானால் குறைந்தது 2074 முடியும்வரை அசையாது. நம் நாட்டில் படம் வெளியாகி 60 வருஷம்தான். சரி, முடிந்தது என்றே வைத்துக்கொள். நெகட்டிவ் யார் வீட்டில்? புதுப்பித்த பைல் யார் கையில்? காகிதத்தில் உரிமை காலியாகும், கிடங்குச் சாவி அவர்களிடமே இருக்கும்.

‘லெ த்ரூ’ பற்றி இன்னும் ஒரு வார்த்தை. அதன் இயக்குநர் பெக்கர் 1960-ல், படம் வெளிவரும் முன்பே இறந்துவிட்டார். 1947-ல் பாரிஸின் சாந்தே சிறையில் உண்மையிலேயே சுரங்கம் தோண்டினவர்களில் ஒருவரே அதில் நடித்திருக்கிறார். சிறைத் தரையை உடைக்கும் அந்த நீளமான ஷாட்டில் சிமென்ட் முதலில் சும்மா வெள்ளையாகக் கீறும், பிறகு பொடியாகும், அப்புறம் சில்லு தெறிக்கும். வெட்டே கிடையாது. ஆள் மாற்றி ஆள் அடிக்கிறார்கள், சத்தத்துக்கு நமக்கே பயம் வருகிறது. பழைய டிவிடியில் அந்தப் பொடி வெறும் வெளிச்சப் படலம். நல்ல பிரதியில் ஒவ்வொரு துகளும் தெரியும். இதற்காகத்தான் அடித்துக்கொள்கிறேன்.

ஒரு ஆறுதலும் உண்டு. ஹாலிவுட் இயக்குநர் ஹூஸ்டனின் ‘அஸ்பால்ட் ஜங்கிள்’ என்ற கறுப்பு வெள்ளைப் படத்துக்கு வண்ணம் பூசி இங்கே தொலைக்காட்சியில் போடப் பார்த்தார்கள். மெல்வில் தலையில் வைத்துக் கொண்டாடிய படம் அது. ஹூஸ்டனின் வாரிசுகள் வழக்குப் போட்டார்கள். 1991-ல் பிரெஞ்சு உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. விற்கவோ விட்டுக்கொடுக்கவோ முடியாத உரிமை ஒன்று படைத்தவனுக்கு உண்டு, அமெரிக்கப் படமானாலும் அது இங்கே செல்லும் என்பது தீர்ப்பு. கறுப்பு வெள்ளைக்கு வண்ணம் பூசினால் சட்டம் கண்ணுக்குத் தெரிகிறது. சாம்பலில் கொஞ்சம் மஞ்சள் ஏறினால் யார் போய் நிற்பது? வியாழக்கிழமை பார்த்ததை நான் நம்புகிறேன், ஏனென்றால் அந்த மண்ணும் கோட்டும் ஒன்றாகக் கலந்து நின்றன. மெல்வில் மனசு அப்படித்தான் வேலை செய்யும். அதற்கு மேல் என்னிடம் ஆதாரம் இல்லை.

டிசம்பர் 20 வாக்கில் ஊருக்கு வருகிறேன். 4கே டிஸ்குக்கு இந்த ஏ, பி, சி வெட்டு கிடையாது, விசாரித்துவிட்டேன். பிளேயரையும் கையோடு கொண்டுவருகிறேன். ஆங்கில சப்டைட்டில் உள்ள பிரதி கிடைத்துவிட்டது, தங்கச்சியிடம் சொல். மணியையும் கூப்பிடு. நடிகர் மோந்தான் ஸ்டாண்டிலிருந்து துப்பாக்கியைக் கழற்றிக் கையால் சுடும்போது அவன் வழக்கம்போல் எழுந்து நிற்கட்டும்.

அதற்குள் நீ ஒன்று செய்ய வேண்டும். பரண்மேல் இருக்கும் தகரப் பெட்டியில் நம் பத்திரிகை கிடைத்தால் உன் கட்டுரைப் பக்கங்களைப் போட்டோ எடுத்து அனுப்பு. அப்பா படித்த ராமகிருஷ்ணர் புத்தகமும் அங்கேதான் இருக்கும். அவர் பென்சிலால் கோடு போட்ட பக்கங்களை எனக்குப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
பாலா