அக்காவுக்கு, ராக்வில்லிலிருந்து

அன்புள்ள அக்கா,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கால்வலி தேவலையா? குளிர் ஒருவழியாக விட்டது. இனி கனமான கோட்டு இல்லாமல் மெட்ரோவுக்கு நடக்கலாம்.

புற்றுநோய்க் கட்டியின் மரபணுவை மிஷின்தானே படிக்கிறது, நீங்கள் உட்கார்ந்து என்ன திட்டம் போடுகிறீர்கள் என்று போனில் கேட்டாய். பயாப்ஸி லேபில் இருக்கிற உனக்கு எழுதினால் இது சட்டென்று புரியும்.

இங்கே அமெரிக்காவில் 'கேன்சர் ஜீனோம் அட்லஸ்' என்று, புற்றுநோய்க் கட்டிகளின் மரபணு மாற்றங்களைப் பட்டியல் போடும் ஒரு பெரிய திட்டம் நடந்தது. ஒன்பது வருஷம், 100 கோடி டாலருக்கு மேல் என்று 2005-இல் ஒரு ஆலோசனைக் குழு சொன்னது. அத்தனை பணமா என்று விஞ்ஞானிகளிலேயே பலர் எதிர்த்தார்கள். சரி, முதலில் 10 கோடி டாலரில் மூன்று வருஷம் முன்னோட்டம் பார்ப்போம் என்று மூளை, நுரையீரல், சினைப்பைக் கட்டிகளோடு ஆரம்பித்தார்கள். முட்டுக்கட்டை விழுந்தது மிஷினில் இல்லை அக்கா, திசுவில்தான். ஃப்ரீசர்களில் வேண்டிய அளவு இருக்கிறது என்று நம்பியிருந்தார்கள். எடுத்துப் பார்த்தால் பாதி செத்த திசு, கட்டியைவிட நல்ல செல் அதிகம், ஒப்பிட அதே நோயாளியின் ரத்தம் இல்லை, இல்லையென்றால் சம்மதப் படிவம் போதாது. பார்க்கும் செல்களில் 80 சதவீதம் கட்டியாக இருக்கவேண்டும் என்ற விதியைப் பிறகு 60 ஆகக் குறைக்கவேண்டி வந்தது. கடைசியில் 33 வகைப் புற்றுநோய், 11,000 பேருக்கு மேல் என்று திட்டம் நிறைவேறியது. உன்னைப்போல் ஸ்லைடில் திசுவைப் பார்க்கிறவர்களை முதல் நாளே கூப்பிட்டுக் கேட்டிருந்தால் எவ்வளவோ மிச்சமாகியிருக்கும் என்பது என் எண்ணம்.

என் பக்கம் புள்ளியியல். அதிலும் இப்படி ஒன்று நடந்தது. நுரையீரல் கட்டிகளில் அதிகம் பழுதான மரபணுக்களைப் பட்டியலிட்டபோது, வாசனை பிடிக்கிற மரபணுக்கள் வரிசையாக வந்து நின்றன. நுரையீரல் புற்றுநோய்க்கும் மோப்பத்துக்கும் என்ன சம்பந்தம்? அந்த மரபணுக்கள் செல்லில் வேலை செய்யாமல் கிடப்பவை, செல் பிரியுமுன் கடைசியாகப் படியெடுக்கப்படுபவை. அதனால் அங்கே பிழை தானாகவே அதிகம் சேரும். அதைக் கணக்கில் சேர்க்கும் வழியை 2013-இல் வெளியிட்டார்கள். உயிரியலும் கணக்கும் தெரிந்தவர்கள் சந்தேகப்படாமல் போயிருந்தால், அந்தப் பட்டியலை நம்பி எத்தனை பேர் மருந்து தேடியிருப்பார்களோ! ஒரு வகைப் புற்றுநோய்க்கு எத்தனை கட்டிகளைப் படிக்கவேண்டும் என்பதற்கும் ஒரே எண் கிடையாது. வகையைப் பொறுத்து 600 முதல் 5,000 வரை தேவைப்படும் என்று 2014-இல் கணக்கிட்டார்கள்.

எங்கள் திட்டக் கூட்டங்கள் நம் ஊர் மாதிரி இல்லை. தலைவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடவேண்டும். எனக்கு இன்னும் நாக்கு எழவில்லை. எனக்கு ரொம்பப் பிடித்தது, புற்றுநோயிலிருந்து மீண்டவர்களும் மேஜையில் சமமாக உட்காருவது. "என் திசுவில் எதையாவது கண்டால் எனக்குச் சொல்வீர்களா?" என்று ஒரு அம்மாள் கேட்டார். அதன்பிறகு சம்மதப் படிவத்தைத் திரும்ப எழுத உட்கார்ந்தோம்.

மனசுக்கு உறுத்துகிற ஒன்றும் உண்டு. அந்த அட்லஸில் பெரும்பாலோர் வெள்ளையர். நம் ஊரில் வெற்றிலை, புகையிலை அடக்கி வருகிற கன்னப் புற்று அதில் எங்கே பதியும்? பல நாடுகள் சேர்ந்து புற்றுநோய் மரபணுக்களைப் படிக்கும் உலகக் கூட்டமைப்பில் இந்தியா எடுத்துக்கொண்டது அதைத்தான். மேற்கு வங்கத்துக் கல்யாணியிலும் நவி மும்பையிலும் அந்த ஆய்வைச் செய்து 2013-இல் வெளியிட்டார்கள். அதைப் படித்தபோது பெருமையாக இருந்தது. இன்னும் நிறைய வரவேண்டும்.

அதனால் உன்னிடம் ஒரு வேலை. ஆபரேஷன் தியேட்டரில் கட்டியை வெட்டியெடுத்து, அழுகாமல் காக்கும் ஃபார்மலினில் போடும்வரை உங்கள் ஆஸ்பத்திரியில் எவ்வளவு நேரம் ஆகிறது, அந்த நேரத்தை யாராவது எழுதிவைக்கிறார்களா, ராத்திரியில் கரண்ட் போனால் ஃப்ரீசருக்கு என்ன செய்கிறீர்கள் என்று விவரமாக எழுது. அடுத்த கூட்டத்தில் திசு சேகரிக்கும் விதிகளைப் பேசப்போகிறோம். அதற்குள் உன் பதில் வந்தால் அதை அப்படியே அங்கே வைப்பேன்.

அத்தானுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன் தங்கை