மிச்சமிருக்கும் பதினோரு நிமிடம்

எங்கள் தெரு இளைஞர் மன்ற நிர்வாகிகளுக்கும், சென்ற சனிக்கிழமை சாயங்காலம் நாற்காலி சுமந்து வந்து வரிசை போட்ட தம்பிகளுக்கும் வணக்கம்.

அன்று இரவு பத்து மணிக்குத் திரை இருண்டபோது பின்வரிசையிலிருந்து "நிறுத்தாதீர்கள்" என்று கத்திய கிழவன் நான்தான். காசிமேடு வரை கேட்டிருக்கும். வயதான மனிதர் இப்படிக் கத்தலாமா என்று மறுநாள் ஒருவர் கேட்டார். கத்தியதற்கு வருந்துகிறேன், சொன்ன விஷயத்தில் மாற்றமில்லை. நேரில் பேசினால் மறுபடி சத்தம் போட்டுவிடுவேன் என்பதால் எழுதுகிறேன். மன்றத்துப் பலகையில் எல்லோரும் படிக்க ஒட்டிவிடுங்கள்.

முதலில் கணக்கு. நோட்டீசில் போட்டிருந்த நேரம் ஏழரை. நீங்கள் போட்ட 'தி லாஸ்ட் மேன் ஆன் எர்த்' என்ற பழைய ஆங்கிலத் திகில் படம் 86 நிமிடம். சொன்ன நேரத்துக்கு ஆரம்பித்திருந்தால் ஒன்பது மணிக்குள் எல்லோரும் வீட்டில் சாப்பிட உட்கார்ந்திருக்கலாம். ஆனால் நான்கு பேர் பேசினார்கள். ஏழு பேருக்குப் பொன்னாடை. புரொஜெக்டரை இரவல் கொடுத்தவருக்கு ஒன்று, அதைத் தூக்கி வந்தவருக்கு ஒன்று. படம் ஆரம்பித்தபோது எட்டே முக்கால். இரவு பத்துக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது விதி. போலீஸ் வரும் முன்பே நீங்களாக நிறுத்தியதைக் குறை சொல்ல மாட்டேன். எதிர் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. ஆனால் எட்டே முக்காலோடு 86ஐக் கூட்டிப் பாருங்கள். பதினோரு நிமிடம் மிச்சம். பொன்னாடைகளைக் குறைத்திருந்தாலே போதும், படம் முடிந்திருக்கும்.

அது போகட்டும். என் வருத்தம் ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கூடி எடுத்த முடிவைப் பற்றியது. மிச்சத்தைப் போட வேண்டாம், இனி திகில் படமே வேண்டாம், அடுத்த மாதம் முதல் சிரிப்புப் படம் மட்டும். அதற்குக் காரணம் இரண்டு சொன்னீர்களாம்: சிறுவர்களுக்குப் பயமே வரவில்லை, பெண்கள் அழுதுவிட்டார்கள்.

ஒரே படத்தின் மேல் இந்த இரண்டு புகாரும் வந்தால் எனக்கு அந்தப் படத்தின் மேல் மரியாதை கூடுகிறது. தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு தியேட்டரில் 28 வருடம் ஆப்பரேட்டராக இருந்தவன் நான். இரண்டு கார்பன் குச்சிகளை நெருக்கி எரியவிட்டு, அந்த வெளிச்சத்தில் படம் ஓட்டிய காலத்தில் சேர்ந்தேன். கேபினில் இருப்பவன் படம் பார்ப்பது குறைவு. ரீல் முடியும் நேரத்தில் அடுத்த ரீலுக்கு மாற்றச் சொல்லி வலது மேல் மூலையில் வரும் புள்ளிக்குக் காத்திருப்பான். மற்ற நேரமெல்லாம் துவாரம் வழியாகக் கீழே தலைகளைப் பார்த்துக்கொண்டிருப்பான். படம் ஓடுமா ஓடாதா என்பது முதலாளிக்குத் தெரியும் முன்பே எங்களுக்குத் தெரியும். முறுக்கு விற்பவனைத் தேடித் தலைகள் திரும்ப ஆரம்பித்தால் மூன்றாவது நாள் படப்பெட்டி கிளம்பிவிடும். அந்தத் தியேட்டர்களில் பல இன்று இல்லை; 2020இல் அகஸ்தியாவையும் மூடிவிட்டார்கள். பழக்கம் மட்டும் போகவில்லை. சனிக்கிழமையும் நான் பின்வரிசையில் உட்கார்ந்தது தலைகளைப் பார்க்கத்தான்.

சிறுவர்கள் சிரித்தது உண்மை. காற்றில் பரவிய நோயில் ஊர் உலகம் எல்லாம் செத்து, செத்தவர்கள் ரத்தம் குடிக்க எழுந்து வருகிறார்கள். தனியாக மிஞ்சிய மோர்கன், வாசலில் பூண்டையும் கண்ணாடியையும் மாட்டிவிட்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறார். அவரோடு வேலை பார்த்த பழைய நண்பனே ஒவ்வொரு ராத்திரியும் பேர் சொல்லிக் கூப்பிடுகிறான். கூட வந்தவர்கள் கட்டையால் கதவை இடிக்கிறார்கள். "மூன்று வருடமாக ஒரு கதவை உடைக்க முடியவில்லையா?" என்று முன்வரிசைப் பையன் கேட்டான். நானும் சிரித்தேன். ஆறு மணிக்கு மேல் ரத்தம் குடிக்க வருபவர்களை நம் தெருவில் யாரும் புதிதாகப் பார்க்கவில்லை. கால்வாய்ப் பக்கத்திலிருந்து வரும் அவை கதவைத் தட்டுவதும் இல்லை.

ஆனால் அந்தப் பையன்கள் கைப்பேசியில் பார்க்கும் ஓட்டக்காரப் பிணங்களுக்கெல்லாம் பாட்டன்மார் இவர்கள்தான். ரிச்சர்ட் மாதிசன் 1954இல் எழுதிய 'ஐ ஆம் லெஜண்ட்' என்ற நாவல்தான் 1964இல் இந்தப் படமானது. 1968இல் இயக்குநர் ஜார்ஜ் ரொமேரோ தன் படத்தில் ஒரு வீட்டைச் சுற்றிப் பிணங்களை அலையவிட்டாரே, அந்த யோசனைக்கு விதை இதே நாவல் என்று அவரே பின்னாளில் ஒப்புக்கொண்டார். பேரனின் ஓட்டத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குப் பாட்டன் தள்ளாடித்தான் தெரிவார். மாதிசனுக்கே படம் பிடிக்கவில்லை. திரைக்கதையில் தன் பெயர் வர விடாமல் லோகன் ஸ்வான்சன் என்று புனைபெயர் போடச் செய்தார். நாயகன் வின்சென்ட் பிரைஸ் வேடத்துக்குப் பொருந்தவில்லை என்பதும் அவர் குறை. எனக்கு அப்படித் தோன்றவில்லை. காலையில் எழுந்து, எழுந்து வரும் பிணங்களின் நெஞ்சில் அடிக்க லேத்தில் மர முளைகளைக் கடைந்து, அன்றைக்கு எந்தத் தெரு என்று பார்த்துக் கிளம்பி, பிணங்களை வண்டியில் ஏற்றிக் குழியில் போட்டு எரித்துவிட்டு, இருட்டும் முன் வீடு திரும்புகிறார். இரட்டை ஷிப்டு முடித்துத் துறைமுகத்திலிருந்து வருபவர் முகம் அது.

படத்தை எடுத்தது ரோம் நகரத்தில். அமெரிக்கா என்று நம்பச் சொல்கிறார்கள். அந்த ஆளில்லாத ரோடுகளைப் பார்த்தபோது ஊரடங்கின் முதல் வாரத்து எண்ணூர் விரைவுச் சாலைதான் எனக்கு ஞாபகம் வந்தது.

அழுத விஷயத்துக்கு வருகிறேன். யார் அழுதார் என்று நீங்கள் பெயர் சொல்லவில்லை. அவர் என் அண்ணி.

மோர்கனின் மகள் இறந்ததும் ராணுவ லாரி வந்து எடுத்துப் போய்விடுகிறது. அவர் எரிகுழி வரை துரத்திக்கொண்டு ஓடுகிறார். என் மகள் அதில் இருக்கிறாள் என்று கெஞ்சுகிறார், விடவில்லை. பிறகு மனைவியும் போனபோது, லாரிக்காரர்களுக்குத் தெரியாமல் தானே எடுத்துப் போய் மண்ணில் புதைக்கிறார். அவள் எழுந்து வந்து வாசலில் நிற்கிறாள்.

2020 மே, ஜூன் மாதங்களில் சென்னையிலேயே ராயபுரம் மண்டலத்தில்தான் தொற்று அதிகம் என்று தினமும் செய்தி வரும். அந்த ஜூனில் என் அண்ணன் போனார். நம் பக்கத்துச் சாவு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பந்தல், பறை, விடிய விடியக் கானா, மூலக்கொத்தளம் மயானம் வரை ரோடெல்லாம் பூ. அடுத்தவர் வீட்டுச் சாவிலேயே மேளக்காரர்களிடம் அடியை மாற்றச் சொல்லிச் சண்டை போடுகிறவர் என் அண்ணன். அவருக்குக் கிடைத்தது ஒரு பை, ஒரு வண்டி, முகம் தெரியாத நான்கு பேர். தெருமுனையில் அடித்திருந்த தகரத் தடுப்புக்கு இந்தப் பக்கம் அண்ணி நின்றார். வண்டி திரும்புவதைக்கூட அவர் பார்க்கவில்லை. தகரம் ஆறடி உயரம்.

சனிக்கிழமை லாரிக் காட்சியில் அவர் அழுதார். நானும்தான், இருட்டில் உங்களுக்குத் தெரிந்திருக்காது. ஆனால் எழுந்து போனாரா? பக்கத்திலிருந்தவர் வீட்டுக்குப் போகலாம் என்று தோளைத் தொட்டபோது அந்தக் கையைத் தள்ளிவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி திரையைப் பார்த்தார். அதன் பிறகு அந்தத் தலை அசையவே இல்லை. அவர் அழுததைக் காரணம் காட்டிப் படத்தை நிறுத்துகிறீர்களே, அவரிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா?

எந்த இடத்தில் நிறுத்தினீர்கள் என்றாவது கவனித்தீர்களா? ரூத் என்ற பெண் அப்போதுதான் மோர்கனிடம் உண்மையைச் சொல்லியிருந்தாள். நோய் தொற்றியும் மருந்தின் தயவில் உயிரோடு நடமாடுபவர்கள் ஊரில் இருக்கிறார்கள். பகலில் வீடு வீடாகப் புகுந்து அவர் முளை அடித்துக் கொன்றவர்களில் அவர்களும் உண்டு. அவர்கள் பிள்ளைகளைப் பயமுறுத்தும் பேய் அவர்தான். மைக்கைப் பிடித்து வசனத்தைத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்த கல்லூரிப் பெண் அந்த இடத்தில் ஒரு கணம் தடுமாறிவிட்டுத் தொடர்ந்தாள். (நன்றாகச் செய்தாள். பேசாப்படக் காலத்தில் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று கதை சொல்வாராம்; எனக்குத் தொழில் கற்றுத் தந்தவர் சொன்னது. பொன்னாடை போட வேண்டியது அவளுக்குத்தான்.) கூட்டத்தில் அதுவரை இருந்த சிரிப்பு நின்றது. முன்வரிசைப் பையனின் தலையும் நின்றது. குற்றப்பத்திரிகை படித்து முடித்த நேரத்தில், தீர்ப்புக்கு முன்னால், பிளக்கைப் பிடுங்கிவிட்டீர்கள்.

முடிவில் கண்டம் என்று இந்தக் கதையின் ஜாதகத்திலேயே எழுதியிருக்கிறது போலும். 2007இல் ஃபிரான்சிஸ் லாரன்ஸ் இயக்கி, வில் ஸ்மித் நடித்து, நாவலின் பெயரிலேயே மறுபடி படம் வந்தது. ஆளில்லாத நியூயார்க், துணைக்கு ஒரு நாய். முதலில் எடுத்த முடிவில், அந்த ஜந்துக்களின் தலைவன் வந்தது தன் துணையைத் தேடித்தான் என்று நாயகனுக்குப் புரிகிறது. சோதனைக்காகப் பிடித்து வைத்திருந்த அவளைத் திருப்பிக் கொடுத்து மன்னிப்புக் கேட்கிறான். வெளியிடும் முன் போட்டுக் காட்டியபோது பார்த்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை. அதைத் தூக்கிவிட்டு, கையெறி குண்டால் அவற்றோடு தானும் மடிகிற முடிவை வைத்தார்கள். தியேட்டருக்கு வந்தது அதுதான். 58 கோடி டாலருக்கு மேல் வசூல் என்பதால் நஷ்டமும் இல்லை. அதை நான் மறைக்க மாட்டேன். ஆனால் 2008இல் முதல் முடிவு டிவிடியில் வந்ததும், இதையல்லவா காட்டியிருக்க வேண்டும் என்று ரசிகர்கள் பலர் கேட்க ஆரம்பித்தார்கள். இன்றும் கேட்கிறார்கள். அடுத்த பாகத்தை அந்த முதல் முடிவிலிருந்தே எழுதப்போவதாக 2023இல் திரைக்கதை எழுதியவர்களில் ஒருவரான அகிவா கோல்ட்ஸ்மன் சொல்லும்படி ஆயிற்று.

நான் யோக்கியன் இல்லை. ஜனங்கள் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று முதலாளி சொல்லி, இரவுக் காட்சியில் பாட்டுகளை வெட்டியிருக்கிறேன். அதற்காக ஒருமுறை டிக்கெட் கவுண்டர் பக்கத்தில் வைத்து என் சட்டையைப் பிடித்தார்கள், பிடித்தது நியாயம். கடைசி ரீலை மட்டும் தொட்டதில்லை. ஒரு மழைநாளில் கீழே ஒன்பது பேர்தான் இருந்தார்கள். அவர்களில் இருவர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஓட்டினேன்.

திங்கட்கிழமை காலை மீன் வாங்கப் போகும் வழியில் அண்ணி என் வாசலில் நின்று கேட்டார்: "அந்த மனிதர் கடைசியில் என்ன ஆனார்?" நான் சொல்லவில்லை. ஆப்பரேட்டர் கதை சொல்லக் கூடாது என்பது கேபினில் நான் கற்றது. புதன்கிழமை மறுபடி கேட்டார். நேற்றும் கேட்டார், இந்த முறை கொஞ்சம் கோபமாக.

வருகிற சனிக்கிழமை ஏழு மணிக்குத் திரையைக் கட்டுங்கள். சிரிப்புப் படம் போடுவதானால் போடுங்கள், அதற்கு முன்னால் இந்தப் பதினோரு நிமிடம். பேச்சு வேண்டாம். அந்தப் பெண்ணை மறுபடி மைக் பிடிக்கச் சொல்லுங்கள். மூன்றாவது வரிசையில் ஓரமாக ஒரு நாற்காலி அண்ணிக்கு வேண்டும். புரொஜெக்டரைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லையென்றால் நான் வருகிறேன். எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று தேட வேண்டியதில்லை. ரூத்தின் கையில் மோர்கனுடைய ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது.

இப்படிக்கு,
பழைய ஆப்பரேட்டர்